மடையில எத்தனை படி தெரியுது?

தம்பி, கைய உள்ள எடுங்க. ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டப்பிடாது. எதுத்தாப்ல மணல் லாரி வாரான், பாருங்க. ஆங், அப்படி. கோவிச்சுக்கிடாதிய. நீ யாருவே என் கையப் பத்திப் பேசன்னு கேக்கத் தோணுதுல்லா? கேளுங்க, தப்பில்ல. நான் ஊர்க்காவல் படை. பன்னெண்டு வருசம் சர்வீஸ். போலீஸ் இல்ல. ஆனா கொஞ்சம் தூரத்துல இருந்து பாத்தா போலீஸ்தான்.

பேரு ஆவுடையப்பன். பாவூர்சத்திரம் தாண்டி உள்ள போகணும் எங்க ஊருக்கு. பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுதேன். எங்க ஊர்ல எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும் நீங்க என் நாற்காலியிலதான் உக்காரணும். அது தொழில். இது சேவை. தேரோட்டத்துல கூட்டத்துக்குக் கயிறு பிடிக்கணும், பள்ளிக்கூடம் விடுத நேரத்துல ரோட்டுல நின்னு வண்டிய மறிக்கணும், காணாமப் போன மாட்டக்கூட தேடிக் கொடுத்திருக்கேன். ஆனா அதுக்கெல்லாம் என்னைய யாருக்கும் தெரியாது. என்னைய ஊருக்குத் தெரிஞ்சது முங்குததுல.

சிரிக்காதிய. சொல்லுதேன்.

வருசா வருசம் புரட்டாசியில, மழைக்கு முந்தி, எங்க ஊர்ப் பெரிய குளத்துல ஒத்திகை நடக்கும். தீயணைப்புக்காரங்க, போலீஸ், நாங்க, மூணு பேரும் சேந்து. வெள்ளம் வந்தா எப்படிக் காப்பாத்தணும்னு ஜனங்களுக்குக் காட்டணும்லா. ஒரு ஆளு குளத்துக்குள்ள போய் முங்குத மாதிரி நடிப்பான். ரப்பர் படகு, அதான் போட்டு, கெளம்பிப் போகும், வளையத்தத் தூக்கிப் போடுவாவ, ஆளை இழுத்துட்டு வந்து கரையில போட்டு நெஞ்ச அமுக்குவாவ. பெரிய அதிகாரிகள்லாம் வருவாவ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரும். அந்த முங்குத ஆளு நான்தான். பதினோரு வருசம்.

சும்மா போய் முங்குனேன்னு நெனச்சிராதிய. அதுல ஒரு கணக்கு இருக்கு. மொதல்ல ஒரு அலறல். 'ஐயோ, காப்பாத்துங்க! எம் பொண்டாட்டிக்கு யாருமில்லையே!' பொறவு ஒரு முங்கு. மேல வந்து ரெண்டு கையையும் வானத்தப் பாக்க வீசணும். பொறவு இன்னொரு முங்கு. மூணாவது முங்குல கை மட்டும் வெளிய தெரியணும். அஞ்சு விரலும் ஒண்ணொண்ணா உள்ள போகணும், சுண்டு விரல் கடைசி. கரையில சனம் விம்மும் பாத்துக்கிடுங்க. ஒரு வருசம் டீச்சரம்மா ஒருத்தி மயங்கி விழுந்துட்டா. எனக்கு வந்த முதலுதவிப் பெட்டிய அந்தம்மாவுக்குத் தூக்கிட்டு ஓடிட்டானுவ. நான் பாட்டுக்கு ஈரத்தோட செத்துக் கிடக்கேன்.

நீச்சல் தெரியுமான்னு கேக்கியளா? தெரியும். அதாவது, எப்படி நீந்தணும்னு தெரியும். நீந்துனது இல்ல.

சொன்னா என்ன, நீங்க திருநெல்வேலில எறங்கிப் போயிருவிய. இப்ப ஊருக்கே தெரியும்தான். எங்க குளத்து மடைக்குப் பக்கத்துல, தண்ணிக்குள்ள, இடிஞ்ச பழைய மடைச்சுவர் ஒண்ணு கிடக்கு. கரையில இருந்து நேரா உள்ள போகுது. முடியுத இடத்துல பலகை மாதிரி அகலமா ஒரு கல்லு. சுவர் மேலயே நடந்து போயிரலாம். கைய மட்டும் நீந்துத மாதிரி வீசிக்கிடணும். கல்லு மேல ஏறி நின்னா தண்ணி நெஞ்சு வரைக்கும். கல்லுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ரெண்டாள் ஆழம். அங்கன நின்னுக்கிட்டு முழங்கால மடக்குனா முங்கு. நிமிந்தா மூச்சு. இவ்வளவுதான் விசயம்.

இத ஏமாத்துன்னு சொல்லுவியளா? மேடையில ராஜா வேசம் கட்டுதவனுக்கு நாடு இருக்கா? நடிப்புக்கு நடிப்பு. நான் யார்ட்டயும் சொல்லல. வடிவுட்ட கூடச் சொல்லல.

வடிவு எம் பொண்டாட்டி. செண்பகவடிவு. நல்லவ. எனக்குத்தான் அவ மேல ஒரு வருத்தம் உண்டு, சொல்லிருதேன். பதினோரு வருசமும் கரையில வந்து நிப்பா. ஊரே நான் முங்கையில மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இவ முறுக்கு தின்னுக்கிட்டு நிப்பா. நறுக்கு நறுக்குன்னு. அந்தச் சத்தம் எனக்குத் தண்ணிக்குள்ள கேக்கும். கட்டுன புருசன் அஞ்சு விரலும் உள்ள போகுது, ஒரு பொட்டுக் கண்ணீர் வேண்டாமா?

இன்னொண்ணு. ஒத்திகை அன்னைக்குக் காலையில நான் குளத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பி வருவேன்லா, உடனே அடுப்படியில இருந்து கேப்பா: "என்னங்க, மடையில எத்தனை படி தெரியுது?" மடையில தண்ணிக்குள்ள எறங்குத கல்படி இருக்கு, அதத்தான் கேக்கா. நான் "நாலு"ன்னு சொல்லுவேன். "சரி, சாப்பிட வாங்க"ன்னு சொல்லுவா. அவ்வளவுதான். இன்னைக்கு நல்லா முங்குங்கன்னு ஒரு வார்த்த கெடையாது. படிய எண்ணி இவளுக்கு என்ன வேணும், வயலா இருக்கு வரப்பா இருக்கு? கேட்டுட்டுப் போறான்னு விட்டுட்டேன்.

போன வருசம் தீயணைப்புக்குப் புதுசா ஒரு நிலைய அலுவலர் வந்தாரு. சிலுவைதாசன்னு பேரு. நாகர்கோவில் பக்கம். நல்ல மனுசன், சிரிக்க மட்டும் தெரியாது. என்னையக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஒங்களுக்கு வயசு அம்பத்திரெண்டு. இந்த வருசம் நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆளைத்தான் எறக்கணும். ஒங்க மச்சினன எறக்குதேன்"ன்னாரு.

தம்பி, மெய்யாச் சொல்லுதேன். எனக்குப் பிள்ள குட்டி கெடையாது. என்னையப் பாத்து நாலு பேரு 'அந்தா போறாரு'ன்னு சொல்லுதது அந்த ஒரு நாளுக்காகத்தான். அதையும் பிடுங்கி யாருக்குக் கொடுக்காரு? என் மச்சினனுக்கு! குத்தாலிங்கத்துக்கு!

குத்தாலிங்கம் வடிவோட கூடப் பிறந்த தம்பி. நாப்பது வயசு ஆகுது, மின்சார மோட்டார் பழுது பாக்கான். நான்தான் படையில சேத்துவிட்டேன். நல்லா நீந்துவான், அது சரி. ஆனா வாய் இருக்கே வாய். நான் ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்லுவான். என் கல்யாணத்தன்னைக்கு நான் தாலி கட்டுதேன், பதினாறு வயசுப் பய பக்கத்துல நின்னுக்கிட்டு, "அத்தான், முடிச்சு சரியா விழல"ங்கான். அன்னைக்கு ஆரம்பிச்சது, இருபத்திநாலு வருசமாகுது.

"அப்ப நான் என்ன சார் செய்யணும்?"ன்னு கேட்டேன்.

"நீங்க விசில் ஊதுங்க. அவரு முங்குதத ஜனங்க நல்லாப் பாக்கட்டும், போதும்னு ஒங்களுக்குத் தோணையில ஊதுங்க. அதக் கேட்டுத்தான் போட்டு கெளம்பும். விசில் வராம ஒருத்தரும் அசையக்கூடாதுன்னு சொல்லிட்டேன்"ன்னாரு.

விசில்! பதினோரு வருசம் முங்குனவன் கையில ஒரு விசில்!

அந்தக் கல்லப் பத்தி நான் குத்தாலிங்கத்துட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லல. அவன்தான் பெரிய நீச்சக்காரன்லா, அவனுக்குக் கல்லு எதுக்கு? அப்படி ஒரு வீம்பு. இப்ப நெனச்சா என் செவிட்டுல நானே ஒண்ணு போடணும் போல இருக்கு.

அன்னைக்குக் காலையில வடிவு தம்பிக்கு இட்லி வைக்கா. பத்து இட்லி. முங்கப் போறவனுக்குப் பத்து இட்லி! எனக்கு ஒண்ணும் எறங்கல. நான் குளத்தப் பக்கமே போகல. எனக்கென்ன, விசில்தான. இவ வழக்கம் போலக் கேக்கா: "என்னங்க, மடையில எத்தனை படி தெரியுது?"

"அத முங்குதவன்ட்டப் போய்க் கேளு"ன்னுட்டு நாற்காலி எறக்கப் போயிட்டேன்.

ஆமா, அன்னைக்கு அதிகாரிக உக்காந்த நாற்காலியும் என் கடை நாற்காலிதான். என்னைய அவமானப்படுத்த நானே பந்தல் போட்டிருக்கேன், பாத்துக்கிடுங்க.

மணி பத்தரை. கரை நெறைய சனம். கால்வாயில முன்னாடியே தண்ணி விட்டுட்டதால குளம் தளும்பிக்கிட்டு இருக்கு. எனக்கு அதெல்லாம் எங்க கண்ணுல பட்டுச்சு, என் கண்ணு முழுக்கக் குத்தாலிங்கம் மேல. சார் மைக்கப் பிடிச்சு, "இப்பொழுது ஒருவர் எதிர்பாராதவிதமாகத் தண்ணீரில் தவறி விழுகிறார்"ன்னாரு. இவன் மடையில இருந்து தொப்புன்னு குதிச்சான். மீனு மாதிரி போனான். சுவர் முடியுத இடத்துக்கு மேக்க, நல்ல ஆழத்துல போய் நின்னு முங்க ஆரம்பிச்சான்.

என்ன முங்கு அது? அலறல் இல்ல, கை வீசல. ஒருக்க "காப்பாத்துங்க"ன்னான், அதுவும் காப்பிக்குச் சீனி கேக்குத மாதிரி. பொறவு சத்தமே இல்ல. வாயத் தொறந்து வானத்தப் பாக்கான். ரெண்டு கையையும் பக்கவாட்டுல வச்சுத் தண்ணிய அமுக்குதான், அமுக்குதான். ஏணியில ஏறத் தெரியாதவன் ஏறுத மாதிரி இருக்கு. முங்குதான், வாரான். முங்குதான், வாரான். ஒரு ஒழுங்கு இல்ல, உணர்ச்சி இல்ல. பின்னால ஒரு பையன் கொட்டாவி விடுதான், தம்பி. நான் வளத்த ஒத்திகை!

விசில் என் வாயில இருக்கு. ஊதுவனா? இத வச்சு ஊதுனா நாளைக்குப் பேப்பர்ல என்ன எழுதுவான்? ஒழுங்கா ஒரு முங்கு முங்கட்டும், ஊதுதேன்னு நிக்கேன். போட்டுல நாலு பேரும் துடுப்பத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னையப் பாத்துக்கிட்டு இருக்கானுவ. சார் என்னையப் பாக்காரு. நான் விசில எடுத்துட்டுக் கரையில நின்னு கத்துதேன்: "லேய், கையத் தூக்குல! சத்தம் போடுல! இப்படியால முங்குவாவ? லேய் எருமை!"

பதில் இல்ல.

"ஒனக்கு முங்கக்கூடத் துப்பில்லையால?"ன்னேன். பதில் இல்ல.

அப்பத்தான் எனக்குக் குளிரடிச்ச மாதிரி ஆயிட்டு. இருபத்திநாலு வருசத்துல இந்தப் பய என் பேச்சுக்குத் திருப்பிப் பேசாம இருந்ததே கெடையாது. டைபாய்டு வந்து கிடக்கையில கூடத் திருப்பிப் பேசினவன். எருமைங்கேன், துப்பில்லங்கேன், வாயத் தொறந்து வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கான்!

இவன் நடிக்கல.

அதுக்குப் பொறவு நான் யோசிக்கல. விசில வாயில வச்சு ஊதிக்கிட்டே அந்தப் பழைய மடைச்சுவர் மேல குதிச்சேன். போட்டு அந்தக் கோடியில இருக்கு, பந்தலுக்கு முன்னால. அது சுத்தி வார வரைக்கும் இவன் தாங்க மாட்டான். எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான. வழக்கமா நெஞ்சு வரைக்கும் இருக்க தண்ணி அன்னைக்குத் தலைக்கு மேல. கால் சுவர்ல படுது, மூக்கு வெளிய வரல. எக்கி எக்கி ஒரு மூச்சு, ஒரு எட்டு. ஒரு மூச்சு, ஒரு எட்டு. விசில் இன்னும் வாயிலதான் இருக்கு. தண்ணி போய் 'புளுக், புளுக்'குன்னு கேக்கு.

கல்லு வந்துட்டு. அதுக்கு ஒரு கை தூரத்துல குத்தாலிங்கம். சட்டைக் காலர எட்டிப் பிடிச்சு இழுத்தேன். அவன் என் தலையில ஏறப் பாக்கான். ஏறட்டும்னு நான் கல்லு மேல குனிஞ்சு நின்னு, அவன் ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சு மேல தூக்குனேன். அவன் தண்ணிக்கு வெளிய, நான் உள்ள. பத்து இட்லி கனம் எனக்குத்தான் தெரியும். எவ்வளவு நேரம்னு தெரியல. போட்டுக்காரங்க வந்து மொதல்ல அவன இழுத்தாவ, பொறவு என்னைய மயிரப் பிடிச்சுத் தூக்குனாவ.

கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கிட்டாம். கரையில போட்டு அமுக்குனதும் ஒரு குடம் தண்ணிய வெளிய விட்டான். கண்ணத் தொறந்தான். என்னையப் பாத்தான். மொதல் வார்த்த என்ன தெரியுமா?

"அத்தான், விசில ஊதித் தொலைக்க மாட்டியளா?"

நான் அவனக் கட்டிக்கிட்டு அழுதுட்டேன், தம்பி. வெக்கமில்லாமச் சொல்லுதேன். அந்த வாய் திரும்பி வந்துட்டுல்லா.

அந்த நேரம் பாத்து என்ன நடக்கு? கரை பூரா கைதட்டல்! அதிகாரிக எந்திரிச்சு நின்னு தட்டுதாவ. மறுநாள் பேப்பர்ல என்ன போட்டிருந்தான்? இந்தா, பையிலதான் வச்சிருக்கேன், லேமினேசன் பண்ணி. படிங்க. 'காப்பாற்றச் சென்றவரும் மூழ்குவது போன்ற காட்சியைத் தத்ரூபமாக நடித்துக் காட்டினர்.' தத்ரூபமாம்! பதினோரு வருசம் விரல் விரலா முங்குனேன், ஒருத்தன் அந்த வார்த்தையப் போடல. நடிக்காத அன்னைக்குப் போடுதான். பேரும் போடல, 'காப்பாற்றச் சென்றவர்'.

சிலுவைதாசன் சார் மட்டும் கை தட்டல. சாயங்காலம் ஒரு மூங்கிக் கம்ப எடுத்துட்டுப் போய் அந்த இடத்துல குத்திப் பாத்திருக்காரு. டொக்குன்னு கல்லு. என்னையக் கூப்பிட்டாரு. "அண்ணாச்சி, பதினோரு வருசமும் நின்னுக்கிட்டா முங்குனிய?"ன்னாரு.

நான் தலையத் தொங்கப் போட்டேன். அவரு கையில இருந்த கம்பக் கீழ போட்டாரு. பொறவு சொன்னாரு: "நெசமா முங்குதவனால கத்த முடியாது, கைய வீச முடியாது. ஒங்க மச்சினன் செஞ்சதுதான் சரி. நீங்க பதினோரு வருசமா இந்த ஊருக்குத் தப்பான ஆளக் காட்டியிருக்கிய. இனிமே சரியானதச் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் நீங்கதான்." அதுக்குத்தான் இப்ப பாளையங்கோட்டைக்குப் போறேன். ஒரு பள்ளிக்கூடத்துல பேசணும். சத்தம் போடாம முங்கிக் காட்டணும். தண்ணி இல்லாம, மேடையில. ஒரு பய கைதட்ட மாட்டான், பாருங்க.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்த வருத்தமே வேற. இந்த செல்போனப் பாருங்க. கரையில ஒருத்தன் படம் பிடிச்சிருக்கான். இந்தா, நான் குதிக்கேன். தெரியுதா, காக்கிச் சட்டை. இப்ப ஒரு சத்தம் வரும், கேளுங்க.

"ஏ ஆவுடையப்பா! போகாத! ஏ ஆவுடையப்பா!"

கேட்டியளா? யாருன்னு நெனைக்கிய? வடிவு! இருபத்திநாலு வருசத்துல என் பேரச் சொன்னதில்ல. ரேசன் கடையில புருசன் பேரு கேட்டா அட்டையத்தான் நீட்டுவா. ஊரே கூடி நிக்க எடத்துல, அதிகாரிகளுக்கு முன்னால, 'ங்க' இல்லாம, மாட்டக் கூப்பிடுத மாதிரி! முங்குதவன் அவ தம்பி. கூடப் பிறந்தவன் சாகக் கிடக்கான், இவ என் பேரச் சொல்லிக் கத்துதா.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், விடல. "என்னட்டி, மருவாதை இல்லாம?"ன்னேன். என் சட்டையப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தா. திரும்பாமலே சொன்னா:

"நாலு படி தெரிஞ்சா அந்தக் கல்லுல ஒங்களுக்குத் தண்ணி நெஞ்சு மட்டும். மூணுன்னா கழுத்து. ரெண்டுன்னா வாயி. இன்னைக்கு ஒரு படிதான் தெரிஞ்சுது."

தம்பி, மொத வருசமே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் வீட்டுக்கு வந்து நடந்த எடமெல்லாம் உள்ளங்கால் பாசி ஒட்டிக் கிடந்துச்சாம். நீந்துதவன் காலுல பாசி ஏதுன்னு யோசிச்சுருக்கா. நான் போன பொறவு எறங்கி, சுவர்ல நடந்து போய், அவளே அந்தக் கல்லுல நின்னு பாத்திருக்கா. ஒருத்தர்ட்டயும் சொல்லல. என்ட்டயும் சொல்லல. என் மானத்த எனக்கே தெரியாமக் காப்பாத்தியிருக்கா. வருசா வருசம் படிய மட்டும் எண்ணியிருக்கா. நாலுன்னு கேட்ட பொறவுதான் முறுக்கு வாங்குவாளாம்.

இருந்தாலும் புருசன் பேர அப்படிச் சொல்லலாமா? அது தப்புத்தான? நீங்களே சொல்லுங்க.

என்ன கண்டக்டர் சார்? சத்தத்தக் குறைக்கணுமா? குறைக்கேன், குறைக்கேன். தம்பி, நீங்க கொஞ்சம் இப்படிக் காதக் கொண்டாங்க. இன்னொருக்க போடுதேன். படத்தப் பாக்க வேண்டாம், சத்தத்த மட்டும் கேளுங்க.